ஜிபிஎஸ் தப்பாகக் காட்டுகிறதா? முதலில் எது தப்பு என்று பார்ப்போம்

வண்டி ஓட்டுகிறவர்களின் திட்டுகளில் பெரும்பங்கு ஜிபிஎஸ்ஸுக்குத்தான் போகிறது. திரும்ப வேண்டிய இடத்தைத் தாண்டிய பிறகு 'இடதுபுறம் திரும்பவும்' என்று குரல் வந்தால் ஜிபிஎஸ் சரியில்லை. கார் நுழையவே முடியாத சந்தின் வாசலில் கொண்டுபோய் நிறுத்தினால் ஜிபிஎஸ் சரியில்லை. டவர் கிடைக்காத மலைப்பாதையில் மேப் வெறும் சாம்பல் கட்டங்களாக நின்றுவிட்டால் அதற்கும் அதே திட்டு. ஆனால் இவை மூன்றும் மூன்று வேறு கோளாறுகள். முதலாவதில் ஜிபிஎஸ்ஸுக்குப் பங்கு இருக்கலாம். இரண்டாவது மேப்பின் தப்பு. மூன்றாவது டேட்டா இல்லாததால் வந்தது, ஜிபிஎஸ் அப்போதும் தன் வேலையைச் சரியாகவே பார்த்துக்கொண்டிருக்கும்.

வழிகாட்டும் ஆப்புக்குள் நாலு வேலைகள் தனித்தனியாக நடக்கின்றன: நாம் எங்கே இருக்கிறோம் என்று கண்டுபிடிப்பது, அந்த இடத்தை மேப்பில் உள்ள ஒரு சாலையோடு பொருத்துவது, மேப்பையும் டிராஃபிக் நிலவரத்தையும் இணையத்திலிருந்து எடுத்துவருவது, போகவேண்டிய வழியைக் கணக்கிடுவது. இதில் முதல் வேலை மட்டும்தான் ஜிபிஎஸ். எந்த வேலை சொதப்புகிறது என்று தெரிந்துவிட்டால் என்ன செய்யலாம் என்பதும் பாதி தெரிந்துவிடும். தெரியாவிட்டால் ஃபோனை அணைத்துப் போடுவது, காற்றில் எட்டு போட்டு ஆட்டுவது என்று வைத்தியம் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

## வானத்திலிருந்து வருவது நேரம்

மின்னல் வெட்டியதும் ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்து இடி கேட்கும்போது நிறுத்திப் பாருங்கள். மூன்று நொடி ஆனால் இடி ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தூரத்தில் விழுந்திருக்கிறது. ஒலியின் வேகம் தெரியும், அது வர எடுத்த நேரமும் தெரியும், பெருக்கினால் தூரம். ஜிபிஎஸ்ஸின் அடிப்படையும் இதுதான். ஒலிக்குப் பதில் ரேடியோ அலை, இடிக்குப் பதில் செயற்கைக்கோள்.

ஒரே ஒரு இடியின் தூரம் தெரிந்து பெரிய பயனில்லை. அது விழுந்த இடத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, அந்த வட்டத்தில் எங்கோ இருக்கிறோம் என்றுதான் சொல்ல முடியும். வேறு வேறு இடங்களில் விழுந்த மூன்று இடிகளின் தூரம் தெரிந்தால் மூன்று வட்டங்களும் சந்திக்கும் புள்ளிதான் நாம் நிற்கும் இடம். செயற்கைக்கோள் விஷயத்தில் வட்டத்துக்குப் பதில் கோளம், மற்றபடி கணக்கு இதேதான்.

ஒரு வித்தியாசம் உண்டு. மின்னலின் வெளிச்சம் கண் சிமிட்டும் முன் வந்துவிடுவதால் இடி எப்போது கிளம்பியது என்று நமக்குத் தெரியும். செயற்கைக்கோளிடம் அப்படி ஒரு முன்னறிவிப்பு கிடையாது. அதனால் சிக்னலுக்குள்ளேயே 'நான் இன்ன நேரத்துக்குக் கிளம்பினேன், என் பாதை இது' என்ற விவரம் வைக்கப்பட்டிருக்கிறது. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன; தலைக்கு நேர் மேலே இருக்கும் ஒன்றிலிருந்து சிக்னல் இறங்கி வர ஒரு நொடியில் பதினைந்தில் ஒரு பங்கு போதும். ரேடியோ அலை ஒளியின் வேகத்தில் ஓடுவதால், கடிகாரத்தில் ஒரு மைக்ரோ நொடி, அதாவது ஒரு நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு, பிசகினாலே தூரக்கணக்கு 300 மீட்டர் தப்பிவிடும்.

செயற்கைக்கோளில் அணுக்கடிகாரம் இருக்கிறது. நம் ஃபோனில் இருப்பதோ மலிவான கடிகாரம். இந்த இடத்தில்தான் நாலாவது செயற்கைக்கோள் வருகிறது. ஃபோனின் கடிகாரம் எவ்வளவு தப்பு என்பதையும் தெரியாத ஒரு எண்ணாக வைத்து, நாலு தூரங்களைக் கொண்டு நாலு விடைகளையும் ஒன்றாகக் கண்டுபிடித்துவிடுகிறார்கள்: அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம், கடிகாரப் பிழை. கேட்க எளிது, ஆனால் எனக்கு இன்னும் அலுக்காத தந்திரம் இது. இன்னொன்றும் சொல்லிவிடலாம்: சார்பியல் விளைவுகளால் மேலே உள்ள கடிகாரங்கள் தரையில் உள்ளவற்றைவிட ஒரு நாளைக்கு 38 மைக்ரோ நொடி வேகமாக ஓடும். அதற்கேற்ப அவற்றை முன்கூட்டியே திருத்தித்தான் மேலே அனுப்புகிறார்கள்.

இதிலிருந்து இரண்டு தவறான நம்பிக்கைகள் உடையும். ஃபோன் செயற்கைக்கோளுக்கு எதையும் அனுப்புவதில்லை, கேட்க மட்டும் செய்கிறது. நீங்கள் யார், எங்கே இருக்கிறீர்கள் என்பது செயற்கைக்கோளுக்குத் தெரியாது. (ஆப் உங்கள் இடத்தைத் தன் நிறுவனத்துக்கு அனுப்பலாம், ஆனால் அது இணையம் வழியாகப் போகிறது, வானம் வழியாக அல்ல.) அப்புறம், இடத்தைக் கண்டுபிடிக்க சிம் கார்டோ டேட்டாவோ தேவையில்லை.

ஜிபிஎஸ் என்பது அமெரிக்காவின் ஏற்பாடு மட்டும்தான். ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ, இந்தியாவின் நாவிக் என்று மற்றவையும் மேலே இருக்கின்றன. இன்றைய ஃபோன்கள் இவற்றில் பலவற்றை ஒரே நேரத்தில் கேட்கும். வழக்கத்தில் எல்லாவற்றையும் சேர்த்து ஜிபிஎஸ் என்றே சொல்கிறோம், இங்கேயும் அப்படியே வைத்துக்கொள்வோம். திறந்த வானத்தின் கீழே சாதாரண ஃபோனின் துல்லியம் சுமார் 5 மீட்டர். 2000 மே மாதம் வரை அமெரிக்க அரசே பொதுமக்களுக்கான சிக்னலை வேண்டுமென்றே மங்கலாக்கி வைத்திருந்தது. அது விலகிய பிறகுதான் காரில் வழி சொல்வதெல்லாம் பரவலானது.

இதுவரை பார்த்ததன் சாரம்: செயற்கைக்கோள் நேரத்தைச் சொல்கிறது, ஃபோன் அதிலிருந்து தூரத்தைக் கணக்கிடுகிறது, குறைந்தது நாலு செயற்கைக்கோள் வேண்டும், டேட்டா வேண்டாம்.

## கிளம்பும்போது ஏன் தடுமாறுகிறது

டேட்டா வேண்டாம் என்றேன். ஆனால் டேட்டா இருந்தால் வேகம் கிடைக்கும். ஒரு செயற்கைக்கோள் தன் சுற்றுப்பாதை விவரத்தை நொடிக்கு 50 பிட் என்ற வேகத்தில்தான் ஒலிபரப்புகிறது, கேட்டு முடிக்க 30 நொடி வரை ஆகும். நடுவில் ஒரு கட்டடம் மறைத்துவிட்டால் மறுபடி முதலிலிருந்து. நாலு செயற்கைக்கோளுக்கும் இது முடியவேண்டும். அதனால் அதே விவரத்தை ஃபோன் இணையத்திலிருந்து இறக்கிக்கொள்கிறது. இதற்கு ஏ-ஜிபிஎஸ், அதாவது உதவி பெற்ற ஜிபிஎஸ் என்று பெயர். இது இருந்தால் சில நொடியில் இடம் கிடைத்துவிடும், இல்லாவிட்டால் நிமிடக்கணக்கில்கூட ஆகலாம்.

பேஸ்மென்ட் பார்க்கிங்கில் உட்கார்ந்து வழி போட்டுவிட்டுக் கிளம்பினால் நடப்பது இதன் விளைவுதான். அங்கே வானமே தெரியாது, டவரும் அரைகுறை. ஆனாலும் ஃபோன் ஏதோ ஒரு இடத்தைக் காட்டும், ஏனென்றால் அக்கம்பக்கத்து வைஃபை சிக்னல்களையும் செல்ஃபோன் டவர்களையும் வைத்து உத்தேசமாக ஒரு புள்ளி போடத் தெரியும் அதற்கு. அந்தப் புள்ளி பக்கத்துத் தெருவில் விழுந்தால், வெளியே வந்ததும் 'வலதுபுறம் திரும்பவும்' என்று அந்தத் தெருவுக்கான வழியைச் சொல்ல ஆரம்பிக்கும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு அடையாளம் திரையிலேயே இருக்கிறது, பலரும் கவனிப்பதில்லை. நீலப் புள்ளியைச் சுற்றி வெளிர் நீலத்தில் ஒரு வட்டம் தெரியுமே, அது அலங்காரம் இல்லை. 'நீங்கள் இந்த வட்டத்துக்குள் எங்கோ இருக்கலாம்' என்று ஃபோன் ஒப்புக்கொள்வது அது. ஆண்ட்ராய்டில் அந்த அளவு 68 சதவீத நம்பிக்கையைக் குறிக்கிறது, அதாவது மூன்றில் ஒரு தடவை வட்டத்துக்கு வெளியேகூட இருக்கலாம். வட்டம் பெரிதாக இருக்கும்போது ஆப் சொல்லும் முதல் திருப்பத்தை நம்பாதீர்கள். வெளியே வந்து, ஓரமாக நிறுத்தி, வட்டம் சுருங்கிப் புள்ளியோடு ஒட்டியதும் கிளம்பினால் பாதி எரிச்சல் தீரும்.

வட்டம் எப்போதுமே சுருங்க மறுத்தால் அனுமதியைப் பாருங்கள். ஆண்ட்ராய்டு 12 முதலும் ஐஓஎஸ் 14 முதலும் ஓர் ஆப்புக்குத் துல்லியமான இடத்தைத் தரலாமா, உத்தேசமான இடம் மட்டும் போதுமா என்று தனியாகத் தேர்வு செய்யலாம். யாரோ அவசரத்தில் உத்தேசம் என்று தட்டிவிட்டால் எவ்வளவு நல்ல ஃபோனும் தெருவைக் கண்டுபிடிக்காது.

## அம்புக்குறி எதிர்த்திசை காட்டுவது

நின்றுகொண்டிருக்கும்போது எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறோம் என்பதை ஜிபிஎஸ்ஸால் சொல்ல முடியாது. அதற்கு ஃபோனில் உள்ள காந்த திசைகாட்டிதான் கதி, அதைச் சுற்றியோ காரின் இரும்பும் ஸ்பீக்கரும் காந்தம் வைத்த ஹோல்டரும். குழம்பாமல் என்ன செய்யும்? வண்டி நகர ஆரம்பித்ததும் ஆப் நகரும் திசையை வைத்து அம்பைத் திருப்பிக்கொள்ளும். 'வடகிழக்கு நோக்கிச் செல்லவும்' என்று அது சொன்னால் மண்டையைக் குடைந்துகொள்ளாமல் கொஞ்சதூரம் உருட்டிப் பாருங்கள், அது போதும்.

## உயரமான கட்டடம், சுரங்கம், மேம்பாலம்

ஜிபிஎஸ் சிக்னல் தரைக்கு வந்து சேரும்போது பின்னணி ரேடியோ இரைச்சலைவிடவும் பலவீனமாக இருக்கிறது. எந்த வடிவத்தில் வரும் என்று முன்பே தெரிந்திருப்பதால்தான் ஃபோன் அதை அந்த இரைச்சலிலிருந்து பிரித்தெடுக்கிறது. கண்ணாடி வழியே வரும்; கான்கிரீட்டும் உலோகமும் தடுத்துவிடும். முழுவதும் தடுத்துவிட்டாலும் பரவாயில்லை, சிக்னல் இல்லை என்று ஃபோனுக்குத் தெரிந்துவிடும். வம்பு பிடித்தது எதிரொலிப்பு. இரண்டு பக்கமும் உயர்ந்த கட்டடங்கள் உள்ள தெருவில் சிக்னல் நேராக வராமல் எதிர்க் கட்டடத்தின் சுவரில் பட்டுச் சுற்றி வருகிறது. அதிகம் பயணித்ததால் தாமதமாக வருகிறது, செயற்கைக்கோள் அதிக தூரத்தில் இருக்கிறது என்று ஃபோன் நினைக்கிறது, புள்ளி பக்கத்துத் தெருவுக்குத் தாவுகிறது. மேலே சொன்ன இடிக்கணக்கில் நேர் சத்தம் கேட்காமல் மலையில் பட்டு வந்த எதிரொலியை மட்டும் எண்ணினால் எப்படித் தப்புமோ அப்படி.

இங்கே ஃபோனைப் பொறுத்து உண்மையாகவே வித்தியாசம் உண்டு. பழைய ஃபோன்கள் எல்1 என்ற ஒரே அலைவரிசையைக் கேட்கும். இரட்டை அலைவரிசை ஃபோன்கள் கூடவே எல்5 என்பதையும் கேட்கும். நேராக வந்ததையும் பட்டுத் தெறித்து வந்ததையும் பிரித்தறிய எல்5 வசதியானது. 2018-ல் வந்த ஷாவ்மி மி 8 இந்த வகையில் முதல் ஃபோன். நெருக்கமான நகரங்களில் நிறைய ஓட்டுகிறவர்கள் புது ஃபோன் வாங்கும்போது கேமரா மெகாபிக்சலுக்கு முன்னால் இதைப் பார்க்கலாம் என்பது என் கருத்து.

சுரங்கப்பாதைக்குள் சிக்னலே கிடையாது. ஆனாலும் புள்ளி நகர்ந்துகொண்டிருக்கும். கடைசியாகத் தெரிந்த வேகம், திசை, ஃபோனுக்குள் இருக்கும் அசைவு உணரிகள் ஆகியவற்றை வைத்து ஆப் ஊகித்து நகர்த்துகிறது. நேரான சின்னச் சுரங்கத்தில் தெரியாது. உள்ளேயே பிரியும் சாலையோ நெரிசலோ இருந்தால் ஊகம் கெட்டுவிடும். சில சுரங்கங்களில் புளூடூத் பீக்கன் என்ற சின்னக் கருவிகளைப் பொருத்தியிருக்கிறார்கள், அவற்றின் சிக்னலை வைத்து ஆப் இடத்தைத் தெரிந்துகொள்ளும். வேஸ் என்ற வழிகாட்டும் ஆப் 2016-லேயே இதை ஆரம்பித்தது, பிறகு கூகுள் மேப்ஸிலும் அமைப்புகளுக்குள் ஒரு தேர்வாக வந்தது. ஃபோனின் புளூடூத் ஆனில் இருக்கவேண்டும்.

மேம்பாலத்தைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம், ஏனென்றால் அதிகம் திட்டு வாங்குவது அங்கேதான். 5 மீட்டர் பிழையோடு வரும் இடத்தை அப்படியே திரையில் போட்டால் உங்கள் வண்டி சாலையோரத்திலும் வீட்டு மாடியிலும் துள்ளிக்கொண்டே போகும். அப்படித் தெரிவதில்லை, ஏனென்றால் ஆப் ஒவ்வொரு புள்ளியையும் பக்கத்தில் உள்ள பொருத்தமான சாலையின் மேல் இழுத்து உட்காரவைக்கிறது. சாலைப் பொருத்தம் என்று இதைச் சொல்லலாம். திரையில் நீங்கள் சாலையின் நட்ட நடுவில் அழகாகப் போவது ஜிபிஎஸ்ஸின் துல்லியம் அல்ல, இந்த ஒப்பனை.

சரி, மேம்பாலமும் அதன் கீழே சர்வீஸ் ரோடும் ஒன்றன் மேல் ஒன்றாகவோ பத்து மீட்டர் இடைவெளியிலோ போனால்? எந்தச் சாலையில் உட்காரவைப்பது? உயரத்தை வைத்துச் சொல்லலாமே என்று தோன்றும். ஆனால் ஜிபிஎஸ்ஸில் உயரக்கணக்கின் பிழை பொதுவாகக் கிடைமட்டப் பிழையைவிட அதிகம்; எல்லாச் செயற்கைக்கோளும் நம் தலைக்கு மேல்பக்கமே இருக்கின்றன, கீழே ஒன்றும் இல்லை என்பதுதான் காரணம். ஆகவே ஆப் ஊகிக்கிறது: போட்ட வழி பாலத்தின் மேல் போகச் சொல்கிறதென்றால் நீங்கள் மேலேதான் இருப்பீர்கள் என்று எடுத்துக்கொள்கிறது. நீங்கள் ஏறாமல் கீழேயே போய்விட்டாலும் கொஞ்ச நேரத்துக்கு அதற்குத் தெரியாது. மாறாக நீங்கள் பாலத்தின் மேல் போய்க்கொண்டிருக்க, அது கீழே என்று நினைத்துக்கொண்டு '150 மீட்டரில் இடதுபுறம் திரும்பவும்' என்று கூலாகச் சொல்லும், இடதுபுறம் இருப்பது கைப்பிடிச்சுவர். இப்படிப்பட்ட இடங்களில் ஆப்பைவிட சாலைப் பலகை நம்பகமானது. இரண்டு சாலைகளும் நன்றாகப் பிரிந்ததும் அதுவே திருந்திக்கொள்ளும். நடுவில் பிரேக் போட்டு ஃபோனைத் தட்டவேண்டியதில்லை.

சுருக்கமாக: கட்டடம் சிக்னலை ஏமாற்றுகிறது, சுரங்கத்தில் ஆப் ஊகிக்கிறது, அடுத்தடுத்த சாலைகளில் எது என்று தேர்ந்தெடுப்பதில் தப்புகிறது.

## மேப் வெறுமையாக நிற்பது

புள்ளி நகர்கிறது, ஆனால் சுற்றிலும் மேப் இல்லை என்றால் ஜிபிஎஸ்ஸைக் குறை சொல்லாதீர்கள். இதற்கு ஒரே மருந்து, கிளம்பும் முன் வைஃபையில் இருக்கும்போதே அந்தப் பகுதியின் மேப்பை இறக்கிவைப்பது. கூகுள் மேப்ஸில் ஆஃப்லைன் மேப் என்ற பெயரில் இருக்கிறது. இறக்கியது காலாவதியாகும், அவ்வப்போது புதுப்பிக்கவேண்டும். ஆஸ்மாண்ட், ஆர்கானிக் மேப்ஸ் இரண்டும் ஆரம்பத்திலிருந்தே ஆஃப்லைனுக்காகச் செய்யப்பட்டவை, மக்களே சேர்ந்து வரையும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பைப் பயன்படுத்துபவை. டவர் இல்லாத பாதையில் போவதென்றால் இவற்றில் ஒன்று கூடுதலாக ஃபோனில் இருப்பது நல்லது.

ஆஃப்லைனில் திருப்பங்கள் சொல்லும், வழி தப்பினால் மாற்று வழியும் போடும். டிராஃபிக் மட்டும் தெரியாது. சிவப்புக் கோடுகள் செயற்கைக்கோளிலிருந்து பார்த்துப் போடுவதல்ல, அந்தச் சாலையில் போய்க்கொண்டிருக்கும் மற்றவர்களின் ஃபோன்கள் இணையம் வழியே அனுப்பும் வேகத்திலிருந்து வருபவை.

## ஃபோனை எங்கே வைப்பது

கப் ஹோல்டரிலும் சீட்டுக்கு நடுவிலும் வேண்டாம். மேலே உலோகக் கூரை. முன்கண்ணாடிக்குப் பக்கத்தில் வானம் தெரியும்படி வையுங்கள். சில கார்களில் வெயிலைத் தடுக்க முன்கண்ணாடியில் மெல்லிய உலோகப் பூச்சு இருக்கும், அது சிக்னலையும் தடுக்கும். அப்படிப்பட்ட கண்ணாடியில் ரியர்வியூ கண்ணாடிக்குப் பின்னால் பூச்சு இல்லாத ஒரு பகுதியை விட்டிருப்பார்கள்.

நேர் வெயிலில் வைத்தால் வேறு பிரச்சினை. வெயில், எரியும் திரை, சார்ஜிங் மூன்றும் சேர்ந்து ஃபோன் சூடாகும், திரை மங்கும், சார்ஜ் ஏறுவது நிற்கும், கடைசியில் எச்சரிக்கை காட்டிவிட்டு வேலைநிறுத்தம் செய்யும். ஏசி வென்ட்டில் மாட்டும் ஹோல்டர் இதற்கு நல்ல தீர்வு. பைக்கில் ஹேண்டில்பாரில் மாட்டுகிறவர்கள் அதிர்வைத் தாங்கும் ஹோல்டர் வாங்கவும். எஞ்சின் அதிர்வால் ஐஃபோன் கேமரா கெடலாம் என்று ஆப்பிளே எச்சரித்திருக்கிறது.

பேட்டரி சேவரை அணைத்துவிடுங்கள். திரை அணைந்ததும் குரல் நின்றுபோவது, நடுவில் ஆப் மூடிக்கொள்வது எல்லாம் பெரும்பாலும் பேட்டரியைக் காப்பாற்றக் கிளம்பிய ஃபோனின் வேலை. சில ஆண்ட்ராய்டு ஃபோன்கள் இதில் ரொம்பவே கறார்; ஆப்பின் பேட்டரி அமைப்பில் போய்க் கட்டுப்பாடு வேண்டாம் என்று தேர்ந்தெடுக்கவேண்டும்.

காரின் திரையோடு ஆண்ட்ராய்டு ஆட்டோ அல்லது கார்ப்ளேயில் இணைக்க முடிந்தால் கூடுதல் லாபம் உண்டு. சில கார்கள் தங்கள் ஆன்டெனாவின் ஜிபிஎஸ்ஸையும் சக்கர வேகத்தையும் ஃபோனுக்குக் கொடுக்கும், சுரங்கத்துக்குள் ஊகிக்க அது எவ்வளவோ மேல்.

## இடம் சரி, வழிதான் தப்பு

நீலப் புள்ளி சரியாக இருந்தும் முட்டுச்சந்தில் போய் நின்றால் அது மேப்பின் கோளாறு. தனியார் கேட், மாறிய ஒருவழிப்பாதை, குறுகலான சந்து, இவையெல்லாம் மேப்பில் யாராவது குறித்திருந்தால்தான் ஆப்புக்குத் தெரியும். கொஞ்ச நேரம் மிச்சமானால்கூட அந்தச் சந்து வழியையே தேர்ந்தெடுக்கும். கிளம்பும் முன் மேப்பைச் சுருக்கி முழு வழியையும் ஒருமுறை பாருங்கள். சந்தேகமான குறுக்குவழி இருந்தால் பெரிய சாலையில் ஒரு நிறுத்தத்தைச் சேர்த்து அந்தப் பக்கமாக இழுத்துவிடலாம். பைக் ஐகான் தேர்ந்தெடுத்திருப்பதை மறந்து காரில் போகிறீர்களா என்றும் பாருங்கள். சேருமிடத்தைக் காட்டும் குறி ('பின்') கட்டடத்தின் பின்பக்கத் தெருவில் விழுந்திருந்தால் ஆப் விசுவாசமாகப் பின்பக்கத்துக்கே கூட்டிப்போகும். பெரிய மருத்துவமனை, விமான நிலையம் போன்ற இடங்களில் கட்டடத்தின் பெயரை விட்டுவிட்டு வாசலைப் பெரிதாக்கிப் பார்த்து அங்கே அந்தக் குறியை வையுங்கள்.

## இன்னும் சந்தேகம் இருந்தால்

ஒரே இடத்தில் இரண்டு வெவ்வேறு ஆப்களைத் திறந்து பாருங்கள். இரண்டிலும் புள்ளி தப்பான இடத்தில் இருந்தால் கோளாறு சிக்னலிலோ ஃபோனிலோ. புள்ளி இரண்டிலும் ஒன்றாக இருந்து வழி மட்டும் வேறாக இருந்தால் ஒன்றின் மேப்போ வழிக்கணக்கோ சரியில்லை.

ஆண்ட்ராய்டில் ஜிபிஎஸ்டெஸ்ட் என்ற இலவச ஆப் எந்தச் செயற்கைக்கோள் எவ்வளவு வலுவாகக் கேட்கிறது என்று எண்ணாகவே காட்டும். திறந்த வெளியில் பல செயற்கைக்கோள்கள் 35-க்கு மேல் காட்டினால் ஃபோன் நன்றாக இருக்கிறது. அதே ஃபோனை வண்டிக்குள் வழக்கமான ஹோல்டரில் வைத்ததும் எல்லாம் 20-க்கு இறங்கினால் முன்கண்ணாடிப் பூச்சையோ, வைத்த இடத்தையோ சந்தேகப்படுங்கள். ஹோல்டரில் நன்றாக இருந்து, சார்ஜரையோ டாஷ்கேமையோ செருகியதும் இறங்கினால் அந்தக் கருவிதான் இரைச்சல் கிளப்புகிறது. கழற்றிவிட்டுப் பாருங்கள், எண் ஏறினால் வேறு வாங்கவேண்டியதுதான்.